பதினொரு வரி

வெள்ளிக்கிழமை மாலை
பழைய கட்டணப் பக்கத்தை அழித்தேன்.
அறுநூற்று நாற்பது வரிகள்.
பாதி ஹஃபீஸுதீன் எழுதியது.
"இதைத் தொடாதே,
ஏன் ஓடுகிறதென்று எனக்கே தெரியாது"
என்றொரு குறிப்பை நடுவில் வைத்துவிட்டு
மெல்பர்னுக்குப் போய்விட்டான்.
மூன்று ஆண்டுகள் யாரும் தொடவில்லை.

புதிய கருவிக்குப் பதினொரு வரி போதுமாம்.
நம்பாமல் எண்ணிப் பார்த்தேன்.
அதிலும் ஒன்று வெற்று வரி.

கடை, கோ பெங் லியோங்குடையது.
சிராங்கூன் நார்த், புளோக்கின் கீழ்த்தளம்.
சண்டைமீன்கள் ஆளுக்கொரு குவளையில்,
ஒன்றையொன்று முறைக்காதபடி நடுவே அட்டை.
ஒவ்வொன்றுக்கும் படம், எண், விலை.
ஒரு மீன் என்றால் ஒன்றுதான். நகல் கிடையாது.

போன ஜூனில் ஒருவர்
எம்ஆர்டி சுரங்கத்துக்குள் போகும்போது பொத்தானை அழுத்தினார்.
சக்கரம் சுற்றியது.
மறுபடி அழுத்தினார். மறுபடி.
முப்பத்தெட்டு வெள்ளி மூன்று முறை போனது,
நீலவால் மீன் ஒருமுறைதான் போனது.
"ஒரே மீனை மூணு தடவை வித்தவன் நான்தான் லா,"
கோ சிரித்தார்.
பணத்தைத் திருப்பிக் கொடுக்க
எனக்கு ஒன்பது நாளாயிற்று.

இப்போது ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு சாவி.
அதே சாவியோடு நூறு முறை தட்டினாலும்
கதவு ஒருமுறைதான் திறக்கும்.
மற்றபடி, முன்பே திறந்தாயிற்று என்று
கோபப்படாமல் சொல்லும்.
பதறும் விரலை எப்படி மன்னிப்பதென்று
யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.
நான் இரண்டாம் முறையும் சொல்லிவிட்ட ஒரு சொல்லுக்கு
இந்த வசதி இருந்ததில்லை.

சோதனைக் களத்தில் எல்லாம் பொய்ப்பணம்.
காலாவதியான அட்டை, காசில்லாத அட்டை,
திருடுபோன அட்டை,
எல்லாவற்றுக்கும் ஓர் எண் தயாராக இருக்கிறது.
வாங்குபவர் பெயர் என்ற இடத்தில்
கடன்காரக் கந்தப்பன் என்று போட்டேன்.
விடியும்வரை எண்பது மீன் கேட்டான் கந்தப்பன்.
எண்பது முறையும் மறுக்கப்பட்டான்,
சரியான காரணத்தோடு.
அன்று நன்றாகத் தூங்கினேன்.

இன்னொருவர் இருக்கிறார்.
பெயரை நட்சத்திரங்கள் மறைத்திருக்கும்,
எனக்கு அவர் வெறும் 7731.
இரவு பதினொன்றே காலுக்கு வருவார்.
எப்போதும் அதே மீன்: எண் 52,
செம்பு நிறம், துடுப்பு கிழிந்தது, பன்னிரண்டு வெள்ளி.
கூடையில் போடுவார்.
அஞ்சல் குறியீடு வரை நிரப்புவார்.
அங்கே நிற்பார். போய்விடுவார்.
நாற்பது இரவுகள்.

படிவம்தான் காரணம் என்று அறிக்கை எழுதினேன்.
பதினான்கு கட்டங்களை நடுராத்திரியில் எவர் நிரப்புவார்?
கோவைச் சம்மதிக்க வைத்ததே
7731-ஐக் காட்டித்தான்.

இப்போது கட்டங்கள் இல்லை.
முகவரி தானே வந்து உட்கார்கிறது.
கியூஆர் உண்டு, தவணை உண்டு,
கட்டைவிரல் வைத்தால் போதும்.

திங்கள், பதினொன்றே கால்.
தெம்பனீஸ் வீட்டில் கோப்பி ஆற,
பதிவேட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன்.
வந்தார்.
52. கூடை. கட்டணப் பக்கம்.
ஒரு விநாடிகூட ஆகாமல் திறந்தது.
ஒரே ஒரு பொத்தான், கறுப்பு.
ஒரு நிமிடம்.
இரண்டு.
பிழை எதுவுமில்லை, என் பக்கம் பார்த்துவிட்டேன்.
நான்காவது நிமிடத்தில்
போய்விட்டார்.

கூடையை விட்டுச் செல்பவர்களுக்கு
நினைவூட்டல் அனுப்பும் வசதியும் இதில் இருக்கிறது.
இலவசம். கேட்காமலே ஓடத் தொடங்கும்.
"எதையோ மறந்துவிட்டீர்களே!" என்று
மீனொன்று கண்ணடிக்கும்.

அதை அணைத்தேன்.
மறந்தவர்
நாற்பத்தொன்றாம் இரவும் வருவாரா?

காலையில் கோவை அழைத்துக் கேட்டேன்,
52 விற்றுவிட்டதா?
"செம்புதானே? இருக்கு, இருக்கு.
துடுப்பு வளருது இப்ப.
ரெண்டு வெள்ளி ஏத்திடலாமா?"

அது ஒரு வரி மாற்றம்.
இந்த வாரம் வேலை அதிகம் என்றேன்.